கை தட்டாத கச்சேரி

எங்கள் தூத்துக்குடிக்கு வந்தவர்கள் யாரும் வந்த வேகத்தில் கிளம்பிப் போனதில்லை. போர்த்துக்கீசியர்கள் வந்து தங்கள் பெயர்களை விட்டுவிட்டுப் போனார்கள், டச்சுக்காரர்கள் வந்து கல்லறைகளை விட்டுவிட்டுப் போனார்கள், கப்பலில் சரக்கு ஏற்ற வந்தவர்கள் பெண் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த வரிசையில் ஒரு கிட்டார் தந்தியின் சத்தமும் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறன்று சாயங்காலம் என் அத்தானுடைய பேக்கரி மாடிக்கு வந்து, பதினாலு நாள் தங்கியிருந்து, ஈஸ்டர் அன்று காலையில் புறப்பட்டுப் போனது. இதில் நம்பக் கஷ்டமாக எதுவும் இல்லை. நாற்பத்தொரு பேர் சாட்சி. அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்பத்தொரு நாற்காலியும் என்னுடையவை.

என் பெயர் ரெமிஜியுஸ். பந்தல் போடுவதும் நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுவதும் தொழில். கல்யாணமோ, பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மையோ, அடக்கமோ, எங்கள் தெருக்களில் யார் எதற்காக நாலு பேரைக் கூட்டி உட்கார வைத்தாலும் என் நாற்காலியில்தான் உட்கார வைக்க வேண்டும். அதனால் ஊரில் யார் எப்படி உட்காருவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. ஹெர்மினா அக்கா முதுகு சாயாமல் நுனியில் உட்காருவாள். அவள் புருஷன் தனிஸ்லாஸ் அத்தான் எப்போதும் கடைசி வரிசையில், படிக்கட்டுப் பக்கம், வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு உட்காருவார்.

அந்தக் கை நடுங்கும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து, காய்ச்சல் போய், நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. மதுரை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள், எண்ணெய் கொடுத்தார்கள், கடைசியில் ஆறுதல் கொடுத்தார்கள். வேறு யாருக்காவது கை நடுங்கினால் சட்டைப் பித்தானோடு கஷ்டம் முடிந்துவிடும். அத்தான் மக்ரூன் போடுகிறவர். முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முந்திரிப் பொடியைச் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டில் ஒரு சுற்று சுற்றி, மேலே ஒரு இழுப்பு இழுத்துக் கூர் வைக்க வேண்டும். ஊரில் எத்தனையோ பேக்கரி இருக்க, அத்தான் வைக்கும் கூர் மட்டும் நுனியில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, கேள்வி கேட்கிற குழந்தையின் தலை மாதிரி இருக்கும். நடுக்கம் வந்த பிறகு கூர் உடைந்தது, சுற்று கலைந்தது, ஒருநாள் அவர் கூம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தவர் அப்புறம் அடுப்படிப் பக்கமே போகவில்லை. வேலையாட்கள் நன்றாகத்தான் போட்டார்கள். வியாபாரமும் குறையவில்லை. அவர் சிரிப்பது மட்டும் நின்றுபோனது.

அக்கா ஒரு கல்யாணத்துக்குப் பெங்களூர் போன இடத்தில்தான் பியூலாவைக் கேட்டிருக்கிறாள். கோலார் தங்கவயல்காரி, ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், கிராப் வெட்டிய தலை, சாதாரண நூல் சேலை, கையில் ஒரு பழைய மரக் கிட்டார். மைக் வைத்தால் வாசிக்க மாட்டாள், ஐம்பது பேருக்கு மேல் கூடினால் வாசிக்க மாட்டாள், ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்ன அறைகளில் வாசிப்பதுதான் அவள் பிழைப்பு. அக்கா அவளுக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றாவதற்குப் பதில் வந்தது: நாகர்கோவிலில் வாசித்துவிட்டு மதுரைக்குப் போகிற வழியில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கிறது.

அந்த ஞாயிறு தவக்காலத்தில் விழுந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மற்ற ஊர் எப்படியோ, எங்கள் கோயில் பங்கில் ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் கல்யாணம் கிடையாது, மேளம் கிடையாது, பாடகர் குழுவின் தபேலா துணி சுற்றி அலமாரிக்குள் போய்விடும், ஐந்தாம் ஞாயிறிலிருந்து கோயிலில் உள்ள சுரூபச் சிலைகளையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவோம். அதிலே கச்சேரி என்றால்? அக்கா நேரே பங்குச்சாமி அந்திரேயாஸிடம் போய் நின்றாள். சாமி நல்லவர், அவருக்கும் இசை என்றால் உயிர், கண்ணை மூடி ரெண்டு நிமிஷம் யோசித்தார்.

"பாட்டு உண்டா?"

"இல்ல சாமி. வெறும் தந்திதான்."

"அப்போ அது கேளிக்கை இல்ல, தியானம்னு வச்சுக்கலாம். கேளுங்க. ஆனா யாரும் கை தட்டக் கூடாது. கை தட்டுனா அது கச்சேரி ஆயிரும்."

இதை ஒரு நல்ல தீர்ப்பு என்று ஊரே மெச்சியது. நானும் மெச்சினேன்.

அன்று சாயங்காலம் பேக்கரி மாடியில் நாற்பத்தொரு பேர் உட்கார்ந்தோம். மின்விசிறிச் சத்தம் தந்திக்கு ஆகாது என்று பியூலா அதை நிறுத்தச் சொல்லிவிட்டாள், கீழே அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த மக்ரூனின் இனிப்பு வாசம் படிக்கட்டு வழியே ஏறி வந்தது, வேர்த்து ஊற்றியது, முதல் வரிசைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் காலை நீட்டும் தூரம்கூட இல்லை. பியூலா குனிந்து கிட்டாரின் மரத்தில் காதை வைத்து உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள், நிமிர்ந்தாள், வாசித்தாள். நான் ஆயிரம் மேடைக்கு நாற்காலி போட்டவன், ஆளை அமுக்குகிற ஒலிபெருக்கிக்கு முன்னால் வாழ்நாளைக் கழித்தவன். ஒரு விரல் தந்தியில் வழுக்கும்போது வருகிற கீச்சைக்கூட அவ்வளவு கிட்டத்தில் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கட்டை விரல் அடியில் ஒரு நடை நடக்க, மற்ற விரல்கள் மேலே அதோடு சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டு, ஒரே ஒரு ஆள் வாசிக்கிறாள் என்பதே மறந்துபோனது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அவள் அந்தச் சுதியை எடுத்து அதிலிருந்தே அடுத்ததைத் தொடங்கினாள். எனக்கு எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. பக்கத்தில் எங்கள் பாடகர் குழுவின் ஆர்மோனியக்காரர் சவரிராயன் மாஸ்டர், யாரையும் லேசில் ஒத்துக்கொள்ளாத மனுஷன், கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவள் அடித்தந்தி ஒன்றை மட்டும் மெதுவாகத் தட்டி, கையை எடுத்து மடியில் வைத்தாள். அந்தச் சத்தம் அறைக்குள் நின்றது. நாங்கள் கை தட்டவில்லை. தட்டாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட்டோம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். சிலர் கையைக் கட்டிக்கொண்டார்கள், சிலர் கும்பிட்டார்கள், அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினாள். பியூலா எங்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளிடம் சாமியின் தீர்ப்பைச் சொல்ல எல்லோருமே மறந்துவிட்டோம். அவள் தலையை ஆட்டிவிட்டு, கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடி, ராத்திரி அக்கா வீட்டில் சாப்பிட்டு உறங்கி, விடிந்ததும் மதுரை பஸ் ஏறிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் நாற்காலிகளை எடுக்க லோடு ஆட்டோவோடு போனேன். படி ஏறும்போதே காதில் விழுந்தது. மின்விசிறி என்று நினைத்தேன், அது ஓடவில்லை. ஃபிரிட்ஜ் என்று நினைத்துக் கீழே போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன், அப்போதும் கேட்டது. அந்த அடித்தந்தியின் சத்தம் மூன்றாம் வரிசைக்கும் நாலாம் வரிசைக்கும் நடுவில், ஆளின் நெஞ்சு உயரத்தில், நேற்று விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கிட்டப் போனால் சட்டைத் துணி லேசாக அதிர்ந்தது. விலகினால் விட்டது.

அத்தான் எனக்கும் சேர்த்து டீ கொண்டுவந்தார். அவருடைய டம்ளரில் அக்கா எப்போதும் பாதிதான் ஊற்றுவாள். அன்றைக்கு வேலைக்காரப் பெண் தெரியாமல் நிறைய ஊற்றியிருந்தாள்.

"என்ன மாப்ள அங்கனயே நிக்குத?"

"அத்தான், இங்கன வாங்க. நேத்துச் சத்தம் இன்னும் போகல."

அவர் வந்து நின்றார். எந்த இடத்தில் என்று கையை நீட்டித் தொட்டுப் பார்க்க, இடது கையில் இருந்த டம்ளரை மறதியாக வலது கைக்கு மாற்றினார். ரெண்டு பேரும் டம்ளரையே பார்த்தோம். டீ ஆடவில்லை. மேலே படிந்திருந்த ஆடைகூட அசையவில்லை. அவர் அதை அப்படியே வாய்க்குக் கொண்டுபோய், ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து, காலி டம்ளரை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாப்ள," என்றார். "நாற்காலிய எடுக்காத."

அன்று மத்தியானமே மாவும் கூம்பும் தட்டுகளும் மாடிக்கு ஏறிவிட்டன.

அற்புதம் நடந்தால் ஊர் என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். முதலில் மின்வாரியத்துக்குச் சொல்லும். லைன்மேன் ஒருவர் வந்து, மெயினை அணைத்துப் பார்த்து, சத்தத்துக்குக் கீழே ஐந்து நிமிஷம் நின்று, இது எங்கள் இலாகா இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டு, மறுநாள் வீட்டுக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் ஊர் செருப்பை எங்கே விடுவது என்று முடிவு செய்யும். அன்பியம் என்கிற எங்கள் தெரு ஜெபக் குழுப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு கூட்டிப் பெருக்கினார்கள். வயிற்று வலியில் வீறிடும் பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கி வந்து அந்த இடத்தில் பிடித்தால் பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கியது. துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து, பேசாமல் தின்றுவிட்டு, பேசாமல் போனார்கள். முப்பது வருஷமாக எதிரும் புதிருமாக வழக்கு நடத்துகிற ரெண்டு உப்பள முதலாளிகள் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கை விடவில்லை, ஆனால் அன்று ஒரே காரில் வீட்டுக்குப் போனார்கள். சவரிராயன் மாஸ்டர் தன் ஆர்மோனியத்தைத் தூக்கி வந்து சுதி பார்த்தார், தன் ஆர்மோனியம் இருபத்தாறு வருஷமாகக் கால் சுதி இறங்கியிருந்தது என்று அறிந்தார், வீட்டுக்குப் போய் ஒருநாள் முழுக்க யாரிடமும் பேசவில்லை. எனக்குத்தான் நஷ்டம். வரிசையாக வந்த ரெண்டு அடக்கத்துக்கு நாற்காலி இல்லாமல் வெளியே கேட்டு அலைந்தேன். யாரும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த நாட்களில் மேலே சத்தம், அதற்குக் கீழே அத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு தட்டு முடிய அடுத்த தட்டு, சுற்றி ஒரு சுற்று, மேலே ஒரு இழுப்பு, இடப்பக்கம் சாய்ந்த கூர். தாய்மார்களோடு பேசிக்கொண்டே போட்டார், குமாஸ்தாக்களைக் கிண்டல் செய்துகொண்டே போட்டார், செவ்வாய்க்கிழமை ஒரு தட்டு முடிந்ததும் தானே பார்த்துச் சிரித்தார். அக்கா அப்போது படியில் நின்றிருந்தாள். சிரிப்பைக் கேட்டதும் மேலே ஏறவில்லை, திரும்பிக் கீழே போய்ச் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் நின்று அழுதாள். நன்றி சொல்லத்தான் அழுதேன் என்று என்னிடம் பிறகு சொன்னாள். யாருக்கு என்றுதான் தெரியவில்லையாம், அதனால் எல்லோருக்குமாகச் சொன்னாளாம்.

புதன்கிழமை பியூலா திரும்பி வந்தாள்.

பேக்கரி வாசலில் பெட்டியைத் திறந்து, கிட்டாரை எடுத்து, எங்கள் முன்னால் தந்திகளை மீட்டினாள். விரல் அசைந்தது, தந்தி அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. மதுரையில் அப்படித்தானாம், முப்பது பேர் உட்கார்ந்திருக்க, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தாளாம்.

"குடையை மறந்து வைக்கிற மாதிரி என் சத்தத்தை எங்கேயோ விட்டுட்டேன் போல இருக்கு," என்றாள் அக்காவிடம். "இங்கதான் கடைசியா வாசிச்சேன்."

அக்கா அவளை மாடிக்குக் கூட்டிப் போனாள். பியூலா படி முடிவதற்குள்ளேயே நின்றுவிட்டாள். காணாமல் போன பிள்ளையை அடுத்த வீட்டில் விளையாடக் கண்ட தாய்க்கு வருகிற கோபமும் நிம்மதியும் அவள் முகத்தில் ஒன்றாக வந்தன. அன்றைக்குத் தான் வாசித்த நாற்காலியில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நான் இன்னும் முடிக்கவே இல்லையே," என்றாள். "அன்னைக்கு யாரும் கை தட்டலையே. தட்டினாத்தானே இதுக்கு முடிஞ்சதுன்னு தெரியும். பாவம், காத்துக்கிட்டு நிக்குது."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாற்பத்தொரு பேருக்கும் வெட்கமாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் பங்குப் பேரவை கூடியது. சாமி தன் தீர்ப்பைத் தானே திருத்திக்கொள்ளத் தயாராக இருந்தார். "பாவம், அந்தம்மா பிழைப்பு. வந்தவங்க எல்லாம் ஒரே ஒரு தட்டுத் தட்டிருவோம். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்," என்றார். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்து அத்தான் எழுந்தார். பேரவைக் கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத மனுஷன்.

"அது எப்பிடி சாமி? முன்னோர் வச்ச வழக்கம். குருத்து ஞாயிறே இன்னும் வரல, பாடுகளின் காலத்துல கை தட்டுனா நாளைக்குப் பிள்ளைக நம்மள மதிக்குமா? ஈஸ்டர் வரைக்கும் பொறுக்கணும். நான் சொல்லுதது தப்புன்னா சொல்லுங்க."

கறி ஆகாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் மாட்டு வறுவல் தின்று பிடிபட்டவர் சொன்ன பேச்சு இது. ஏன் சொல்கிறார் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மாடிச் சத்தத்தை விட்டு வந்திருந்த அவர் கை அப்போதும் சட்டைப் பைக்குள் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள்.

"ஈஸ்டர் வரைக்கும் இருக்கேன்," என்றாள் பியூலா. "பதினோரு நாள்தானே."

அக்கா வீட்டிலேயே தங்கினாள். காலையில் மாடிக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து, சத்தமில்லாத கிட்டாரில் விரலுக்குப் பழக்கம் விட்டுப் போகாமல் இருக்க வாசிப்பாள். எதிரே அத்தான் சத்தத்துக்குக் கீழே நின்று மக்ரூன் போடுவார். முதல் ரெண்டு நாள் அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டில் நாலு மக்ரூனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அவள் ஒன்றைத் தின்னாமல் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அன்று அக்காவிடம், அவர் கைக்கு என்ன என்று கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்.

குருத்து ஞாயிறு போயிற்று. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் எங்களுக்கு ஒரு பயம் வந்தது: கோயில் மணியையே கட்டிப்போட்டு, மரச்சட்டத்தைத் தட்டி ஆளைக் கூப்பிடுகிற நாளில் இந்தச் சத்தம் மட்டும் நின்று பாடினால் நன்றாகவா இருக்கும்? சுரூபங்களை மூடிய ஊதாத் துணியில் மிச்சம் இருந்தது. மூன்றாம் வரிசைக்கும் நாலாம் வரிசைக்கும் நடுவில் ஏணி போட்டு நானே ஏறி, உத்திரத்திலிருந்து அந்தத் துணியைச் சத்தத்தின் மேல் தொங்கவிட்டேன். துணி லேசாக நடுங்கியது. சத்தம் நிற்கவில்லை, ஆனால் மறுநாள் மூன்று மணிச் சிலுவைப்பாதை முடியும் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. நல்ல வளர்ப்பு என்றாள் அக்கா.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். நான் துணியை எடுக்க மேலே போயிருந்தேன். பியூலா அத்தானுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒரு விஷயம். நாளைக்குக் கை தட்ட வேண்டாம்னு நான் சாமிகிட்ட சொல்லிடறேன். இது இங்கேயே இருக்கட்டும். எனக்கு ஒரு பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் வேலை தர்றதா முன்னாடியே சொல்லியிருக்காங்க. அங்க பியானோதான். அது வாசிக்கிறதும் எனக்குத் தெரியும்."

அத்தான் கூம்பை நிறுத்தவில்லை. ஒரு சுற்று, ஒரு இழுப்பு.

"பியானோ உங்களுக்குப் பிடிக்குமா?" என்றார்.

"பிடிக்கும்," என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, "அவ்வளவா இல்ல," என்றாள்.

அவர் அந்தத் தட்டை முடித்தார், அடுத்ததை எடுத்தார். எனக்கு அவர் மேல் வந்த ஆத்திரத்தை இங்கே ஒத்துக்கொள்கிறேன். அவருடைய இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று படி இறங்கும்போது யோசித்தேன், ஆத்திரம் போய்விட்டது.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்து, சுரூபங்களின் முகம் திறந்து, மணி எல்லாம் அடித்து ஓய்ந்த பிறகு, அன்று இருந்தவர்கள் அன்று இருந்த அதே நாற்காலிகளில் புதுத் துணியோடு வந்து உட்கார்ந்தார்கள். தெருவில் இன்னும் இருநூறு பேர். பியூலா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்து விஷயத்தை அவள் சாமியிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சாமி எழுந்து, "என் தீர்ப்பால இந்த அம்மாவுக்கு வந்த கஷ்டத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கிறேன், இப்போ எல்லாரும் மனசாரத் தட்டுங்க," என்றார்.

தட்டினோம். பதினாலு நாள் அடக்கி வைத்திருந்த கைத்தட்டல். சவரிராயன் மாஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார். கை சிவந்து, தோள் வலித்து, ஒவ்வொருவராக ஓய்ந்தபோது, அந்தச் சத்தம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

நான் எண்ணிப் பார்த்தேன். தொழில் பழக்கம். நாற்பது பேர் இருந்தோம். கடைசி வரிசையில், படிக்கட்டுப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் கூப்பிட மனம் வரவில்லை. அக்காகூட எழுந்திருக்கவில்லை, நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் படியில் காலடி கேட்டது. அத்தான் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு தட்டோடு வந்தார். விடியற்காலையில் யாருக்கும் சொல்லாமல் மேலே வந்து போட்டுக் கீழே கொண்டுபோய் அடுப்பில் வைத்த மக்ரூன், நாற்பத்திரெண்டு, அத்தனையிலும் கூர் ஒரே மாதிரி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தட்டைப் பியூலாவின் காலடியில் வைத்துவிட்டு, சத்தத்துக்குக் கீழே போய் நின்றார்.

"அம்மா, எனக்குப் பேச வராது," என்றார். "பேரவையில அன்னைக்குப் பேசுனது பூராவும் கள்ளம். சாமிக்கும் தெரியும். ரெண்டு வருசமா இந்தக் கைய எனக்கே பிடிக்காது. பதினாலு நாள் எனக்கு அது திரும்பக் கெடச்சுது. போதும்னு சொல்ல மாட்டேன். போதாது. எத்தனை நாள் இருந்தாலும் போதாது. ஆனா கெடச்சுதுல்லா. நீங்க வராட்டா அதுவும் இல்ல. ரொம்ப நன்றி."

கையை உயர்த்தி ஒரு தடவை தட்டினார். அந்த ஒரு தட்டு, நடுக்கமில்லாத ரெண்டு கைகளும் நேராகச் சந்தித்துத் தட்டியது, கண்ணாடி ஜன்னல் அதிரக் கேட்டது. சத்தம் நின்றுபோனது. பதினாலு நாளுக்குப் பிறகு அந்த மாடியில் ஒன்றுமே கேட்கவில்லை, கீழே கூட்டமும் அடங்கிவிட, தெருக்கோடியில் ஒரு சைக்கிள் போவது மட்டும் கேட்டது.

ரெண்டாவது தடவை தட்டக் கையை எடுத்தபோது நடுக்கம் வந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர் கையைப் பைக்குள் போடுவார் என்று நினைத்தேன், தொடைக்கு அடியில் கொடுக்க நாற்காலியைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் இடது கையை மலர்த்தி முன்னால் நீட்டி, நடுங்கும் வலது கையை அதன் மேல் கொண்டுபோய் வைத்தார். அது தட்டத் தொடங்கியது. யாராலும் அவ்வளவு வேகமாகக் கை தட்ட முடியாது. படபடவென்று, இடைவெளி இல்லாமல், களைப்பில்லாமல் அது பாட்டுக்குத் தட்டியது. நாங்கள் நாற்பது பேர் தட்டி ஓய்ந்த பிறகு, ஓயாமல் தட்ட அந்த அறையில் ஒரு கைதான் இருந்தது. அத்தான் அதைக் குனிந்து பார்த்தார், முதலில் அழுதார், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

பியூலா எழுந்து நின்று கும்பிட்டாள். கை தட்டல் முடிந்தால் உட்காரலாம் என்று நின்றாள். அது முடிகிற வழியாக இல்லை. கடைசியில் அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மரத்தில் காதை வைத்து, உள்ளே ஆள் வந்துவிட்டது என்று எங்களுக்குத் தலையாட்டிக் காட்டி, அந்தப் படபடப்பையே தாளமாக எடுத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

லோடு ஆட்டோ கீழே நின்றிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தான். நான் ஜன்னல் வழியே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு, ரெண்டு வாரத்தில் முதல் தடவையாக என் நாற்காலி ஒன்றில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.